லண்டனின் சாக்கடையை அளந்தவர்

கடந்த ஆண்டு எங்கள் ஊர் நகராட்சியில் நடைபெற்ற ஆலோசனைக் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தனர். நகரின் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் அனைத்தையும் கணினி வரைபடத்தில் ஏற்றி, அதைக் கொண்டே பராமரிப்பை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்குவது திட்டம். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் செலவு குறித்து என் கருத்தைக் கேட்க விரும்பினர். திரையில் செயற்கைக்கோள் படத்தின் மீது குழாய்கள் நீலக் கோடுகளாக விரிந்தன. என் தெருவும் தெரிந்தது. தெருமுனையில் உள்ள ஆள்நுழைவுக் குழியைத் தொட்டதும் ஓர் அட்டவணை திறந்தது. குழியின் எண், தெருவின் பெயர், வார்டு எண் ஆகியவை அதில் இருந்தன. ஆழம், குழாயின் விட்டம், பதித்த ஆண்டு ஆகிய கட்டங்கள் காலியாக இருந்தன.

என் தெருவில் கழிவுநீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்டேன். கோடு இருந்ததே தவிர, திசை குறிக்கப்படவில்லை. சற்று நேரம் எவரும் பேசவில்லை. கதவோரம் நின்றிருந்த பணி மேற்பார்வையாளர் ஒருவர் பதில் சொன்னார். அவர் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. பிள்ளையார் கோயில் முனைவரை கிழக்கே ஓடி, அங்கிருந்து வடக்கே திரும்புகிறது என்றார். அந்த முனைக் குழி 12 அடி ஆழம் என்றும், அதில் நச்சுவாயு தேங்கும் என்றும், மூடியைத் திறந்து வெகுநேரம் விட்ட பிறகே அருகில் செல்ல வேண்டும் என்றும் சொன்னார். இவற்றில் எதுவும் மென்பொருளில் இல்லை.

வீடு திரும்பும் வழியில் என் நினைவுக்கு வந்தவர் ஜோசப் பாசல்ஜெட். பொதுநிதி பாடத்தில் நகராட்சிக் கடன் பற்றிப் பேசும்போதெல்லாம் லண்டனின் சாக்கடையையும், அதைக் கட்டிய இந்தப் பொறியாளரையும் மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். கடனையும் வரியையும் பற்றி அப்போது நிறையப் பேசியிருக்கிறேன். அவருடைய வரைபடங்களைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

பாசல்ஜெட் 1819 மார்ச் 28-ஆம் தேதி லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிறந்தார். பிரான்ஸிலிருந்து குடியேறிய குடும்பம். தந்தை பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. இளைஞர் பாசல்ஜெட், புகழ்பெற்ற பொறியாளர் ஜான் மெக்நீலிடம் தொழில் பயின்றார். அயர்லாந்தில் நிலவடிகால் பணிகளிலும் நிலமீட்புப் பணிகளிலும் ஈடுபட்டார். நீர் தானாக ஓடுவதற்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்ற பாடத்தை அவர் கற்றது அங்கேதான். 1842-இல் லண்டனில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அது ரயில்வே மோகம் உச்சத்தில் இருந்த காலம். இரவு பகலாக உழைத்ததில் 1847-இல் அவரது உடலும் மனமும் ஒருசேரத் தளர்ந்தன. சில காலம் ஓய்வில் இருந்தவர், 1849-இல் லண்டன் சாக்கடை ஆணையத்தில் உதவி அளவையாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30.

அன்றைய லண்டனின் நிலையைச் சற்றே விளக்க வேண்டும். அங்கிருந்த சாக்கடைகள் மழைநீருக்காகக் கட்டப்பட்டவை. 1815 வரை வீட்டுக் கழிவை அவற்றில் விடுவதற்கே தடை இருந்தது. கழிவு வீட்டடிக் குழிகளில்தான் தேங்கியது. பின்னர் நீரூற்றிக் கழுவும் கழிப்பறைகள் பெருகின. சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக்கின் முயற்சியால் வீட்டுக் குழிகள் மூடப்பட்டு, கழிவு முழுவதும் சாக்கடைகளில் விடப்பட்டது. சாக்கடைகள் தேம்ஸ் நதியில் கலந்தன. அதே நதியிலிருந்து தனியார் நிறுவனங்கள் குடிநீர் எடுத்து விற்றன. 1848-49-இல் பரவிய காலரா லண்டனில் 14,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1853-54-இல் மீண்டும் வந்து 10,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

இந்தச் சாக்கடைகளின் முழு வடிவம் எவருக்கும் தெரியாது. அதுவரை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஆணையம் இருந்தது. ஒவ்வோர் ஆணையமும் தன் எல்லைக்குள் தன் விருப்பப்படி கட்டியது. எல்லையைத் தாண்டும் இடத்தில் பெரிய சாக்கடை சிறிய சாக்கடைக்குள் விழுந்தது. ஒரு வடிவத்தில் வந்த கால்வாய் வேறொரு வடிவக் கால்வாயோடு பொருந்தாமல் இணைந்தது. இந்த அவலத்தைப் பாசல்ஜெட் பிற்காலத்தில் தம் ஆய்வுரையிலேயே பதிவு செய்திருக்கிறார். 1848-இல் பழைய சிட்டி பகுதி நீங்கலாக மற்ற ஆணையங்கள் ஒன்றாக்கப்பட்டன. புதிய ஆணையம் செய்த உருப்படியான முதல் வேலை அளவெடுப்பு.

அரசின் நில அளவைத் துறை இதற்கெனவே லண்டனை அளந்தது. புனித பவுல் பேராலயத்தின் உச்சியில் சாரம் கட்டி, அங்கிருந்து கோணங்களைக் கணக்கிட்டனர். ஒரு மைல் தூரம் தாளில் 5 அடியாக விரியும் அளவில் வரைபடங்கள் உருவாயின. அவற்றில் மாளிகைகளோ பூங்காக்களோ விரிவாக இல்லை. தெருக்களும் தரைமட்ட அளவுகளும் இருந்தன. இன்னொரு புறம், சாக்கடைகளுக்குள்ளேயே ஆட்கள் இறங்கி அளவெடுத்தனர். பாசல்ஜெட்டின் கையில் வந்து சேர்ந்தது இந்தச் செல்வம். தரைமட்டமும் குழாயின் அடிமட்டமும் ஒரே அளவுகோலில் இருந்தால்தான் இரண்டு தெருக்களை இணைக்க முடியுமா என்று சொல்ல முடியும்.

மக்களிடமிருந்து திட்டங்களைக் கோரியபோது நூற்றுக்கும் மேற்பட்டவை குவிந்தன. அவற்றை வகைப்படுத்தி ஆராயும் பணியிலும் அவர் பங்கேற்றார். தலைமைப் பொறியாளர் ஃபிராங்க் ஃபார்ஸ்டர் பணிச்சுமையாலும் ஓயாத தாக்குதல்களாலும் நொந்து 1852-இல் காலமானார். அந்த இடத்துக்கு பாசல்ஜெட் வந்தார்.

வரைபட வரலாறு பேசுவோர் அனைவரும் மருத்துவர் ஜான் ஸ்னோவைக் குறிப்பிடுவர். 1854-இல் பிராட் தெருக் காலராச் சாவுகளை வரைபடத்தில் குறித்து, ஒரு குடிநீர் பம்பைச் சுட்டிக்காட்டியவர் அவர். அதிகம் அறியப்படாத செய்தி ஒன்று உண்டு. அவருடைய வரைபடம் வெளியாகும் முன்பே, பாசல்ஜெட்டின் ஆணையத்தைச் சேர்ந்த எட்மண்ட் கூப்பர் என்ற பொறியாளர் அதே பகுதியின் சாவுகளையும் சாக்கடைகளையும் ஒரே வரைபடத்தில் குறித்திருந்தார். புதிய சாக்கடைப் பணி பழைய கொள்ளைநோய்ப் புதைகுழியைக் கிளறிவிட்டது என்று மக்கள் குற்றம்சாட்டியதே அதற்குக் காரணம். சாக்கடை காரணமல்ல என்று கூப்பர் முடிவு செய்தார். அந்த அளவில் அவர் சரி. ஆனால், பம்பு அவர் கேள்வியில் இடம்பெறவில்லை. ஸ்னோ வேறொரு கேள்வியோடு வந்ததால் அவருக்கு அது தெரிந்தது. மென்பொருள் வடிவமைப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1855-இல் சட்டம் இயற்றப்பட்டு, மாநகரப் பணிகள் வாரியம் உருவானது. 1856 தொடக்கத்தில் பாசல்ஜெட் அதன் தலைமைப் பொறியாளரானார். அவருக்காகப் பரிந்துரைத்தவர்களில் மாபெரும் பொறியாளர் புருனலும் ஒருவர். அவரது திட்டம் எளிமையானது. லண்டனின் பழைய சாக்கடைகள் இருபுறமும் சரிந்து நேராக நதியில் விழுகின்றன. கடல் ஏற்றத்தின்போது வாய் அடைபட்டு, தாழ்வான பகுதிகளில் கழிவு தேங்குகிறது. நதிக்கு இணையாக, மேற்கிலிருந்து கிழக்கே பெருங்கால்வாய்கள் அமைத்து, பழைய சாக்கடைகளை வழியிலேயே மறித்து, கழிவை நகருக்குக் கீழே வெகுதொலைவில் கொண்டுபோய்விட வேண்டும். வடகரையில் உயரத்துக்கு ஏற்ப மூன்று நிலைகள், தென்கரையில் இரண்டு. மேட்டுப் பகுதியின் கழிவு தன் எடையாலேயே ஓடும். தாழ்வான பகுதியின் கழிவை மட்டும் நீராவி இயந்திரத்தால் தூக்கினால் போதும். காகிதத்தில் சரிவைச் சரியாகக் கணக்கிட்டதால் பல தலைமுறைகளுக்கு நிலக்கரி மிச்சமாயிற்று என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

திட்டம் தயாராக இருந்தும் இரண்டாண்டுகள் தூங்கியது. கழிவு வெளியேறும் இடம் நகர எல்லைக்கு அருகில் இருக்கிறது என்று அரசு மறுத்தது. தள்ளிப் போட்டால் கூடுதல் செலவை யார் ஏற்பது என்ற வழக்கு முடியவில்லை. 1858 கோடையில் வெயில் கொளுத்தியது. தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் அமர முடியவில்லை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. 30 லட்சம் பவுன் கடன் வாங்க வாரியத்துக்கு அதிகாரம் கிடைத்தது. கருவூலம் உத்தரவாதம் அளித்தது. சொத்து மதிப்பில் பவுனுக்கு 3 பென்னி வீதம் 40 ஆண்டுகள் வரி வசூலிக்க வகை செய்யப்பட்டது. காலராவில் ஏழைகள் மடிந்தபோது கிடைக்காத பணம், ஆள்வோரின் மூக்கை நாற்றம் எட்டியதும் கிடைத்துவிட்டது.

பாசல்ஜெட்டைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. தேவையான குழாயின் விட்டத்தைக் கணக்கிட்டுவிட்டு, இதை ஒரு முறைதான் செய்யப்போகிறோம் என்று அதை இரட்டிப்பாக்கினாராம். கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதையைவிட, 1865-இல் கட்டுமானப் பொறியாளர் நிறுவனத்தில் அவர் படித்த ஆய்வுரை சுவையானது. சதுர மைலுக்கு 30,000 பேர், புறநகரில் 20,000 பேர் என்று எடுத்துக்கொள்கிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கன அடி கழிவுநீர் என வைக்கிறார். அதில் பாதி 6 மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்று கணக்கிடுகிறார். கால் அங்குல மழைக்கும் இடம் ஒதுக்குகிறார். வண்டல் படியாமலிருக்க, கால்வாய் பாதி நிரம்பி ஓடும்போது மணிக்கு ஒன்றரை மைல் வேகம் வேண்டும் என்கிறார். பெருங்கால்வாய்களுக்கு மைலுக்கு 2 அடியாவது சரிவு வேண்டும் என்கிறார். ஒவ்வோர் எண்ணும் வெளிப்படையாக இருக்கிறது. மறுக்க விரும்புவோர் எந்த எண்ணை மறுக்கிறோம் என்று சொல்லியே மறுக்க முடியும்.

பணி தொடங்கியது. 82 மைல் நீளப் பெருங்கால்வாய்கள், அவற்றோடு சேர்ந்த 1,100 மைல் தெருச் சாக்கடைகள், 31.8 கோடி செங்கற்கள். அதுவரை பெரும் பொதுப்பணிகளில் அதிகம் பயன்படாத போர்ட்லேண்ட் சிமெண்டை அவர் துணிந்து எடுத்துக்கொண்டார். தண்ணீரில் அது உறுதிப்படும் என்பது சாதகம். தரம் குறைந்தால் உதவாது என்பது ஆபத்து. எனவே, வந்திறங்கும் சிமெண்டைச் சோதித்துப் பார்க்கும் முறையை அவரது உதவியாளர் ஜான் கிராண்ட் நடைமுறைப்படுத்தினார். ஒப்பந்ததாரரின் நற்பெயரை நம்பாமல் மாதிரியை இழுத்து முறித்துப் பார்த்தனர். கட்டுமான வரைபடங்களில் பாசல்ஜெட்டின் கையொப்பம் இன்றும் காணக் கிடைக்கிறது. உள்ளூர் மன்றங்கள் புதிய சாக்கடை அமைப்பதானால் வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. வரைபடத்துக்குத் தெரியாமல் ஒரு குழாய் மண்ணுக்குள் போவதை அந்த விதி கடினமாக்கியது.

1865 ஏப்ரலில் தென்கரையின் கிராஸ்னஸ் நீரேற்று நிலையத்தை வேல்ஸ் இளவரசர் தொடங்கி வைத்தார். வடகரையின் ஏபி மில்ஸ் நிலையம் 1868-இல்தான் முடிந்தது. இந்த இடைவெளிக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1866-இல் காலரா மீண்டும் வந்தபோது, நகரின் பெரும்பகுதி தப்பியது. இணைப்பு முடியாத கிழக்கு லண்டனில் 5,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அசுத்தமான குடிநீரே காரணம் என்று புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் காட்டினார். துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்ற அக்காலக் கருத்தின் மீதுதான் சாக்கடைத் திட்டத்துக்கு ஆதரவு திரண்டது. காரணம் தவறு, ஆனால் கழிவைக் குடிநீரிலிருந்து பிரித்த செயல் சரியாக அமைந்தது.

தேம்ஸ் நதிக்கரைகளும் அவர் கைவண்ணமே. ஆல்பர்ட் கரை 1869-இலும், விக்டோரியா கரை 1870-இலும், செல்சி கரை 1874-இலும் திறக்கப்பட்டன. நதியிலிருந்து 52 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டது. விக்டோரியா கரையின் அடியில் சாக்கடையும் சுரங்க ரயிலும் செல்கின்றன; மேலே சாலையும் பூங்காவும் உள்ளன. 1875-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

அவர் பணியின் குறையையும் சொல்லியாக வேண்டும். கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. தேக்கி வைத்து, கடல் வற்றும்போது கிழக்கே நதியில் விட்டனர். மேற்கு லண்டன் மூச்சுவிட்டது. நதியின் கீழ்ப்புறத்தில் வாழ்ந்தோர் சுமையை ஏற்றனர். 1878 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலை, பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த இடம் கழிவு வெளியேறும் வாய்க்கு அருகில் இருந்தது. சற்று முன்புதான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. அதன் பிறகு விசாரணைகள் நடந்தன. கழிவிலிருந்து திடப்பொருளைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டு செல்லும் முறை 1887-இல் தொடங்கியது. முதல் கப்பலுக்கு அவர் பெயரையே சூட்டினர். நகர வரைபடத்தின் விளிம்போடு கழிவின் கணக்கையும் முடித்துக்கொண்டதற்கு மற்றவர்கள் கொடுத்த விலை இது.

மழைநீரும் கழிவும் ஒரே கால்வாயில் ஓடும் முறையும் பின்னாளில் சிக்கலாயிற்று. பெருமழையில் கால்வாய் நிரம்பி நதியில் வழிந்தது. 34 லட்சம் சொச்சம் மக்களுக்கென அவர் திட்டமிட்டார். நகரம் அதை எப்போதோ கடந்துவிட்டது. அவருடைய கால்வாய்கள் இன்றும் பணியாற்றுகின்றன. வழியும் நீரைத் தாங்க 25 கி.மீ. நீளப் புதிய சுரங்கம் கட்டப்பட்டு, 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. அவர் விட்டுச்சென்ற பதிவுகள் இருந்ததால்தான் எங்கே வழிகிறது, எவ்வளவு வழிகிறது என்ற கணக்கை ஒழுங்காகத் தொடங்க முடிந்தது என்று கருதுகிறேன்.

1880-களின் இறுதியில் வாரியம் ஊழல் புகார்களில் சிக்கி, 1889-இல் கலைக்கப்பட்டது. பாசல்ஜெட்டின் பெயரில் மாசு படியவில்லை. அந்த ஆண்டே ஓய்வுபெற்ற அவர், 1891 மார்ச் 15-ஆம் தேதி விம்பிள்டனில் காலமானார். விக்டோரியா கரைச் சுவரில் ஒரு சிறிய நினைவுச் சின்னம் உள்ளது. கடந்து செல்வோரில் பலர் அதைக் கவனிப்பதில்லை.

எங்கள் நகராட்சிக் கூட்டத்துக்கு வருகிறேன். பாசல்ஜெட் கண்ட குறைகளை நினைத்துப் பாருங்கள். பெரிய குழாய் சிறிய குழாயில் விழுவது, ஒரு பகுதியின் கால்வாய் அடுத்த பகுதியோடு பொருந்தாதது, சரிவு போதாமல் வண்டல் தேங்குவது ஆகிய இவற்றையெல்லாம் இன்றைய மென்பொருள் சில நிமிடங்களில் கண்டுபிடித்துச் சிவப்பு நிறத்தில் காட்டும். அதற்கு ஒவ்வொரு குழியின் தரைமட்டமும், குழாயின் அடிமட்டமும், விட்டமும், ஓட்டத் திசையும் வேண்டும். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால், கோடுகள் எத்தனை அழகாக இருந்தாலும் அது சுவரில் தொங்கும் படம்தான்.

இதில் உயிர்களும் அடங்கியிருக்கின்றன. மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்கி அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆயினும், சாவுச் செய்திகள் நிற்கவில்லை. எந்தக் குழி ஆழமானது, எதில் வாயு தேங்கும், அடைப்பு எந்த இரு குழிகளுக்கு இடையே இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால், இயந்திரத்தைச் சரியான இடத்துக்கு அனுப்ப முடியும். தெரியாதபோதுதான் ஒரு மனிதனை இறக்கிப் பார்க்கும் எண்ணம் வருகிறது.

செலவு குறித்து என் கருத்தை எழுத்தில் கேட்டிருந்தனர். மூன்றைக் குறிப்பிட்டேன். முதலாவதாக, மென்பொருளுக்கென ஒதுக்கிய தொகைக்குக் குறையாத தொகையை, ஆளை இறக்காமல் கருவிகளைக் கொண்டு ஒவ்வொரு குழியையும் அளப்பதற்கு ஒதுக்க வேண்டும். இரண்டாவதாக, புதிய இணைப்போ பழுதுபார்ப்போ வரைபடத்தில் பதிவான பிறகே ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியலுக்குப் பணம் வழங்க வேண்டும். மூன்றாவதாக, அந்த மேற்பார்வையாளர் ஓய்வுபெறும் முன் அவரோடு ஒரு பொறியாளரைத் தெருத் தெருவாக அனுப்பி, அவர் சொல்வதைக் குழி வாரியாகப் பதிந்து, பதிவில் அவர் பெயரையும் குறிக்க வேண்டும்.

முதல் இரண்டும் பரிசீலனையில் இருப்பதாகத் தெரிவித்தனர். மூன்றாவதற்குப் பணம் தேவைப்படவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு, காலை நடையின்போது பிள்ளையார் கோயில் முனையில் அவரைப் பார்த்தேன். மூடியிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, கையில் கணினிப் பலகையோடு இருந்த இளம்பெண் பொறியாளர் ஒருவரிடம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கிழக்கைப் பார்த்தார், பிறகு வடக்கைப் பார்த்தார், பதிந்துகொண்டார்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).